மாத்து

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஆறாம் நாள்.
மும்முனை மின்சாரம் ஒன்றரைக்கு வரும் என்றார்கள்.
ரெண்டே முக்காலுக்கு வந்தது.
போர்க்குழாய் முதலில் காற்றைக் கக்கியது,
பிறகு சேறு,
பிறகு இரண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர்.

முப்பது சென்ட்.
பாதி வெண்டை, கால் கத்திரி,
மிச்சத்தில் தண்டுக்கீரையும்
நாங்கள் ஊன்றியதாய் நினைவே இல்லாத ஒரு பூசணியும்.
கோட்டையூர் தாண்டி,
பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்சுவரை ஒட்டி.
குத்தகைப் பேச்சு நிலத்துக்கு மட்டும்தான்.
நாலு மணிக்கு மேல் கடைசி மூன்று பாத்திக்கு
அந்தச் சுவர் தரும் நிழலுக்கு
இதுவரை யாரும் காசு கேட்கவில்லை.

மண்வெட்டியோடு நான் மடையில்.
அந்தக் கோடியில் டார்ச்சோடு செகப்பி,
என் வீட்டுக்காரரின் தங்கை.
பாத்தி நிறைந்ததும் அங்கிருந்து வரும்:
“மாத்து.”
ஒரு வாயை அடைத்து அடுத்த வாயைத் திறப்பேன்.
“மாத்து.”
முன்பெல்லாம் அது ‘மாத்துங்கண்ணி.’
பதினோரு நாளாய்
இந்த மொட்டைச் சொல் ஒன்றுதான்
எங்களுக்குள் போக்குவரத்து.

உர மூட்டைக்கு யார் கொடுத்தது என்று
எண்ணூறு ரூபாயில் தொடங்கிய சண்டை.
எங்கே போய் நின்றது என்று எழுதமாட்டேன்.
அவள் சொன்னதைவிட
நான் சொன்னது மோசம்.

வெண்டைக்கு இதெல்லாம் தெரியாது.
இந்த வெயிலில் அது
இன்று சுண்டுவிரல், நாளை நடுவிரல்,
அதற்கும் அடுத்த நாள் விறகு.
ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகணும்.
மகனின் பழைய பள்ளிக்கூட சாக்ஸில்
விரல் நுனிக்கு ஓட்டை வெட்டி மாட்டிக்கொள்வேன்.
செகப்பி வெறுங்கையால் பறிப்பாள்.
சுணை அரிக்க, விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே
யாரையோ திட்டுவாள்.
யாரை என்று நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை
அவள் பறித்திருப்பாள் என்று நான் போகவில்லை.
நான் பறித்திருப்பேன் என்று அவளும்.

செவ்வாய் விடிகாலை
ஒரே வரப்பின் இரு முனையில் நின்று
ஒரே காட்டைப் பார்த்தோம்.
கை ஒடிக்கவில்லை. கத்தி தேவைப்பட்டது.

காரைக்குடிக்கு டி.வி.எஸ்ஸில் நான், பின்னால் அவள்,
நடுவில் மூன்றாவது ஆளாய் ஒரு சாக்கு.
கமிஷன் கடை உடையப்பன்
சாக்கை அவிழ்க்காமலே கையை விட்டு ஒன்றை உருவினார்.
கட்டைவிரலால் நுனியை மடக்கினார்.
வளைந்தது.
இன்னொன்று. அதுவும் வளைந்தது.
“ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தீகளா?”
சாதாரணமாகத்தான் கேட்டார்.
நாங்கள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்தெட்டுக் கிலோவில் பதினாலு தேறியது.
கிலோ ஒன்பது.
கமிஷன் போக நூற்றுப் பதின்மூன்று ரூபாய்.
ஆளுக்கு ஐம்பத்தாறு.
மிச்ச ஒரு ரூபாயை மோட்டார்க் கொட்டகைச் சுவரில் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முற்றியதை விதைக்கும் விட முடியாது, பாக்கெட் ரகம்.
“ஆட்டுக்குப் போடணும்” என்றாள் செகப்பி,
என்னிடமா சாக்கிடமா தெரியாது.
ஆடு முகர்ந்தது, நகர்ந்தது,
வேறு வழியில்லை என்று தெரிந்து திரும்பி வந்தது.
செகப்பியின் மூக்கு வழியாக ஒரு சத்தம்.
சிரிப்பு என்று
நானே வரவு வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு மின்சாரம் சொன்ன நேரத்துக்கே வந்தது.
மடையில் நான்.
டார்ச் வெளிச்சம் வெட்டுப்பட்ட வெண்டைக் காம்புகளில் ஏறி இறங்கி
என் மண்வெட்டியின் அருகே வந்து நின்றது.
பாத்தி நிறைந்தது எனக்கே தெரிந்தது.
நான் அசையவில்லை.
நீர் கரையைத் தொட்டு நக்கியது.

“மாத்துங்க.”

அண்ணி இன்னும் வந்து சேரவில்லை.
மண்ணை அள்ளி அடைத்தேன்.
கத்திரிப் பக்கம் தண்ணீர் திரும்பியது,
காய்ந்த இலை ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு.